அரை கிராம் எலும்பு

எங்கள் ஊரில் எலும்பைப் பார்த்து யாரும் மிரள்வதில்லை. மாசி அமாவாசையில் மேல்மலையனூர் அங்காளம்மன் மயானத்துக்குப் புறப்படும்போது, சாமி வந்த சிலர் எலும்பைப் பல்லில் கடித்தபடி ஆடுவார்கள். நிலத்தில் விளைந்த மல்லாட்டை, கம்பு, கேழ்வரகு, காய்கறி எல்லாவற்றையும் கொண்டுவந்து இறைப்பார்கள். கூட்டம் முண்டியடித்து அள்ளும்; அதுதான் மயானக் கொள்ளை. எனக்கு எட்டு வயதிருக்கும். கொள்ளை முடிந்து ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது, மண் சரிந்த ஓரிடத்தில் மனிதக் கீழ்த்தாடை எலும்பு ஒன்று கிடந்தது. முன்பற்கள் உதிர்ந்துபோய் கடைவாய்ப் பற்கள் மட்டும் நின்றன. ஏரிக்கரையில் மண் அரித்துப்போன புளியமரம் மாதிரி, வேர் முக்கால்வாசி வெளியே தெரிய நின்றன.

"ஏன் ஆயா வேரெல்லாம் வெளிய கீது?"

"வயசானா எகிறு எறங்கிடும்டி. பாக்காத, வா."

ஆயா சொன்னது தவறு என்று தெரிய எனக்கு இருபது வருடம் ஆயிற்று. ஈறு நோய்ப் பிரிவில் முதுநிலை படித்தபோது, முதல் வாரமே பேராசிரியர் ஒரு எக்ஸ்ரேயை விளக்குப்பெட்டியில் மாட்டினார். அதே கடைவாய்ப் பல், அதே அரிப்பு. நோயாளிக்கு வயது 34.

எலும்பு இறங்குவது வயதால் வருவது இல்லை, நோயால் வருவது. நல்ல ஈறிலும் பல்லை ஒட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் உண்டு. அதில் அழுக்கு தங்கிக் காரையாக இறுகுகிறது. கிருமிகள் அதில் குடித்தனம் நடத்துகின்றன. அந்தக் கிருமிகள் எலும்பை நேரடியாகத் தின்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கரைப்பது நம் உடம்பின் சொந்த செல்கள். கிருமியோடு உடம்பு போடும் சண்டை வருடக்கணக்கில் ஓயாமல் நடக்கும்போது, ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற எலும்பு கரைக்கும் செல்கள் கிளப்பிவிடப்படுகின்றன; பல்லைத் தாங்கிய எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குகிறது. இத்தனையும் வலியில்லாமல் நடக்கிறது. வலித்திருந்தால் எங்கள் சனங்கள் பாதிப் பேர் பல்லைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள்.

செஞ்சியிலிருந்து வளத்தி வழியாக மேல்மலையனூர் வரும் சாலையில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து கிளினிக் போட்டேன். அமாவாசை நாட்களில் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டத்தில் பத்துப் பேராவது பல்வலியோடு வந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் சுற்றுப்பட்டு சனம்தான். கல்லூரியில் கற்ற நுட்பங்களை எல்லாம் செய்யப்போகிறேன் என்று வந்த எனக்கு, முதல் இரண்டு வருடம் ஒரே வசனம்தான் கேட்டது: "பல்லு ஆடுது டாக்டரம்மா, புடுங்கி உட்ருங்க."

சுத்தம் செய்யலாம் என்றால் பயம். "கிளீன் பண்ணா பல்லு ஆடிப்பூடும்" என்பார்கள். இந்தப் பேச்சை நான் ஒருபோதும் தட்டிக்கழித்ததில்லை, ஏனென்றால் அதில் அவர்கள் கண்ணால் கண்டது ஒன்று இருக்கிறது. எலும்பு போன பல்லைப் பக்கத்துப் பல்லோடு காரைதான் சிமெண்ட் பூசியதுபோலச் சேர்த்துப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். காரை எடுத்ததால் ஆடவில்லை, எலும்பு இல்லாததால் ஆடுகிறது என்று எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலம் வந்தது. "எலும்பு வச்சி தைக்கிறாங்களாமே, எனக்கும் வைங்க" என்று கேட்டுவர ஆரம்பித்தார்கள். முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அது எனக்குப் பெரிய பொறுப்பாகிவிட்டது. வருகிற பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்கு எலும்புப் பொடி வைத்துப் பயனில்லை. அதை அவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

எலும்பு போகும் விதம் இரண்டு. வரிசையாக எல்லாப் பல்லிலும் ஒரே மட்டத்துக்கு இறங்குவது ஒன்று. கோடையில் ஏரித் தண்ணீர் இறங்குகிற மாதிரி. அதன்மேல் எந்தப் பொடியைக் கொட்டினாலும் நிற்காது. இன்னொன்று, ஒரு பல்லை ஒட்டி மட்டும் செங்குத்தாகக் குழி விழுவது. இந்தக் குழியை எத்தனை பக்கம் எலும்புச் சுவர் மிச்சமிருக்கிறது என்பதை வைத்து கோல்ட்மேனும் கோஹனும் 1958இல் வகை பிரித்தார்கள். மூன்று பக்கம் சுவர் நின்று, நான்காவது பக்கம் பல்லின் வேராக இருந்தால் அது கேணி மாதிரி. வைத்தது நிற்கும், ரத்தம் தங்கும், எலும்பு செல்கள் மூன்று புறமிருந்தும் வந்து சேரும். ஒரே சுவர் இருந்தால் கரை உடைந்த குட்டை. ஈறைத் திறந்து, காரையைச் சுரண்டி, குழியைக் கண்ணால் பார்க்கும் வரை எந்த வகை என்று நூறு சதவீதம் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பது பொடியின் கம்பெனி இல்லை, சுவர்தான்.

பொடி என்கிறேனே, அது பார்க்க ரவை போல இருக்கும். கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரையான மணிகள். மாவாக அரைத்தால் இறுகிக்கொள்ளும், புது ரத்தக் குழாய் நுழைய வழியிருக்காது. ரவையாக இருந்தால் மணிக்கு மணி இடைவெளி இருக்கும். அரை கிராம் குப்பி ஒரு குழிக்கு ஏராளம். பொடி முளைத்து எலும்பாகிறது என்று பலர் நம்புகிறார்கள். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பொடிகள் விதை இல்லை, சாரம். கொத்தனார் கட்டும் சாரம் மாதிரி இடத்தைப் பிடித்து வைத்து, எலும்பு செல்கள் ஏறி வர வழி கொடுக்கும். கட்ட வேண்டியவர் உடம்பின் சொந்தக்காரர்.

இடத்தை ஏன் பிடித்து வைக்க வேண்டும்? ஈறைத் திறந்து தைத்த மறுநாளே உள்ளே ஒரு ஓட்டப்பந்தயம் தொடங்கிவிடுகிறது. ஈறின் மேல்தோல் செல்கள் மிக வேகமாக வேரின் மேல் வழுக்கி இறங்கும். அவை முதலில் போய்விட்டால் புண் ஆறும், எலும்பு வராது. மெல்ச்சர் 1976இல் இதைத்தான் சொன்னார்: எந்த செல் முதலில் வேரைத் தொடுகிறதோ, அதைப் பொறுத்தே அங்கே என்ன உருவாகும் என்பது. 1982இல் ஸ்வீடனில் நீமன் குழுவினர் அதை மனித வாயில் செய்து காட்டினார்கள். பிடுங்க வேண்டியிருந்த ஒரு கீழ் முன்பல்லில் வடிகட்டித் தாளைக் குறுக்கே வைத்துத் தோல் செல்களைத் தடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பல்லைச் சுற்றுத் திசுவோடு எடுத்துப் பார்த்தால், நோய் தின்ற வேரின் மேல் சிமெண்டம் என்ற வேர்ப்பூச்சு புதிதாகவும், அதில் ஊன்றிய நார்களும் இருந்தன. தோல் செல்களைத் தடுக்க நாங்கள் இன்று வைக்கும் சவ்வுகளுக்கெல்லாம் தாய் அந்தத் தாள்தான்.

இனி, பொடி எதிலிருந்து வருகிறது என்பதற்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஹெகெதூஷ் என்ற மருத்துவர் 1923இலேயே நோயாளியின் சொந்தக் கால் எலும்பை எடுத்துத் தாடையில் வைத்திருக்கிறார். சொந்த எலும்புக்கு இன்றும் இணையில்லை. ஆனால் அதற்காக இன்னோர் இடத்தில் புண் செய்ய வேண்டும். மனித தானத்தில் வந்த எலும்பைச் சுண்ணாம்பு நீக்கி, உறையவைத்து உலர்த்தி, கதிர்வீச்சில் கிருமி நீக்கித் தருவது உண்டு. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் திசு வங்கி நம் நாட்டில் அதைச் செய்கிறது. மாட்டெலும்பிலிருந்து உயிர்ப்பொருள் எல்லாவற்றையும் நீக்கி, தாது மட்டும் மிஞ்சும்படி செய்த பொடி உண்டு. பன்றிக்குட்டியின் வளரும் பல்லிலிருந்து எடுத்த புரதக் கூழ் உண்டு. சவ்விலும் மாடு, பன்றி, மீன் எல்லாம் உண்டு. செயற்கை என்றால் ஹைட்ராக்ஸிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட், பயோகிளாஸ். பயோகிளாஸ் பிறந்த கதையை மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். லாரி ஹென்ச் என்ற கண்ணாடி விஞ்ஞானி 1967இல் ஒரு பேருந்தில் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராணுவ அதிகாரி வியட்நாம் போரில் கைகால் இழந்தவர்களைப் பற்றிப் பேசி, உடம்பு ஏற்றுக்கொள்ளும் பொருளை உங்களால் செய்ய முடியாதா என்று கேட்டாராம். 1969இல் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடியை ஹென்ச் செய்துவிட்டார். நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம் ஹைட்ராக்ஸிஅபடைட்டையும் பயோகிளாஸையும் சேர்த்துச் செய்த பீங்கான் மணியை உருவாக்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் டி.எஸ். சம்பத்குமார் குழுவினர் முட்டை ஓட்டிலிருந்தே ஹைட்ராக்ஸிஅபடைட் செய்யும் வழியை 2007இல் வெளியிட்டார்கள்.

விலையில் மடுவுக்கும் மலைக்குமான தூரம். இறக்குமதிப் பொடி ஒரு குப்பியின் விலைக்கு உள்நாட்டுப் பொடி பல குப்பி வாங்கலாம்.

கிளினிக் தொடங்கிய மூன்றாவது வருடம். பால்மாடு வைத்துப் பிழைக்கும் அம்மா ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கீழ்க் கடைவாயில் அழகான மூன்று சுவர்க் குழி. ஒரு கம்பெனிப் பிரதிநிதி கொடுத்துப்போன மாட்டெலும்புப் பொடி என்னிடம் இருந்தது. பணம் வாங்காமலே வைத்தேன். வேலை சுத்தமாக முடிந்தது. தையலும் நன்றாக விழுந்தது. பத்தாம் நாள் தையல் பிரிக்க, நர்சிங் படிக்கும் மகளோடு வந்தார். நான் உள்ளே கருவிகளை எடுக்கப்போன நேரத்தில், அந்தப் பெண் கேஸ் தாளில் ஒட்டியிருந்த குப்பி ஸ்டிக்கரைப் படித்துவிட்டாள். அம்மாவின் காதில் சொன்னாள்.

நான் திரும்பி வந்தபோது அந்த அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. "எந்த மாட்டோடதும்மா?" என்றார். வெளிநாட்டு மாடு, உயிர்ப்பொருள் எதுவும் இல்லை, வெறும் தாதுதான், சாம்பல் மாதிரி என்று நான் வேகவேகமாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க டாக்டரம்மா. என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அந்தப் பல் இன்றும் உறுதியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் அதன்பின் வரவில்லை.

அன்றிலிருந்து வாயைத் திறக்கச் சொல்லும் முன் நான் வாயைத் திறந்து சொல்வது வழக்கமாயிற்று: இது மாடு, இது மனிதர், இது பன்றி, இது மீன், இது ரசாயனம்; எது சம்மதம்? இப்படிச் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று சக மருத்துவர்கள் எச்சரித்தார்கள். ஓடவில்லை. திண்டிவனத்திலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர் பன்றி மட்டும் வேண்டாம், மற்றது உங்கள் இஷ்டம் என்றார். செத்தவர் எலும்பு என்றதும் முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "அங்காளம்மா கையில கீறதே கபாலந்தானே, வைங்க" என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

என்னை அதிகம் படிக்க வைத்தவர் மேல்சித்தாமூர் பக்கத்து வாத்தியார் ஐயா. தமிழ்ச் சமணர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார், கிழங்கு தொடமாட்டார். மேல் வலது பக்கம் எட்டு மில்லிமீட்டர் பள்ளம். ஆழம் அளக்கும் ப்ரோப்பை விட்டால் அதன் கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக உள்ளே மறைந்தன. சுத்தம் செய்து மூன்று மாதம் பார்த்தோம். மற்ற இடமெல்லாம் ஆறியது, அந்த ஒரு குழி மட்டும் விடவில்லை. அறுவை தேவை என்று சொல்லி, வகைகளை வரிசையாகச் சொன்னேன்.

"உயிர்ப்பொருள் எதுவும் வேண்டாம்மா. ரசாயனத்துல பண்ணுனது இருக்குன்னீங்களே?"

"இருக்குங்க ஐயா. பீங்கான் மணி."

"அத மனுஷனுக்கு வைக்கிறதுக்கு முந்தி எதுக்கு வச்சிப் பாத்தாங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பொய் சொல்லியிருக்கலாம், அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. "மிருகங்களுக்கு வைத்துப் பார்த்துத்தான் ஐயா அனுமதிப்பார்கள்" என்றேன். அவர் தலையசைத்தார். அடுத்து, "தைக்கிற நூல் எது?" என்றார். கறுப்புப் பட்டு நூல். எத்தனை வருடமாகத் தைக்கிறேன், பட்டுப்பூச்சி ஒருநாளும் என் நினைவுக்கு வந்ததில்லை. "கொடுக்கப்போற மாத்திர?" கேப்ஸ்யூலின் கூடு ஜெலட்டின். மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சியது. ஒவ்வொன்றாகக் கேட்டார், குரல் உயரவே இல்லை. பாடம் நடத்துகிறவர் மாணவியின் விடைத்தாளைப் பார்ப்பதுபோலக் கேட்டார். யோசித்து வருவதாகச் சொல்லிப் போனார்.

அந்த வாரம் முழுக்கப் படித்தேன். 2001இல் பிரான்சில் ஷுக்ரூன் கண்ட முறை ஒன்று உண்டு, பி.ஆர்.எஃப். என்போம். நோயாளியின் கையிலிருந்து பத்து மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் கலக்காமல், அப்படியே நிமிடத்துக்கு 2700 சுற்று என்று பன்னிரண்டு நிமிடம் சுழற்றினால், குழாயின் நடுவில் மஞ்சள் வெளுப்பாக ஒரு கட்டி நிற்கும். பிளேட்லெட்டும் வெள்ளணுவும் ஃபைப்ரின் வலையில் சிக்கிய கட்டி. ஆற்றும் புரதங்களைப் பல நாள் மெதுவாகக் கசியவிடும். பெங்களூர் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஏ.ஆர். பிரதீப் குழுவினர் 2011இல் மூன்று சுவர்க் குழிகளில் பொடியே இல்லாமல் இந்தக் கட்டியை மட்டும் வைத்து, வெறும் அறுவையைவிட நல்ல பலன் கண்டிருந்தார்கள். வாத்தியார் ஐயாவின் குழி மூன்று சுவராக இருந்தால் அவர் ரத்தமே போதும்.

அவர் வந்தார், சம்மதித்தார். முதல் குழாய் வீணானது. சுழல ஆரம்பித்த மூன்றாம் நிமிடம் கரண்ட் போய்விட்டது. மருந்து கலக்காத ரத்தம் காத்திருக்காது, குழாயிலேயே உறைந்துவிட்டது. சென்ட்ரிஃபியூஜை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு, இன்னொரு பத்து மில்லி கேட்டேன். சட்டைக் கையைத் தானே மடித்து நீட்டினார். ஈறைத் திறந்தேன். மூன்று சுவரும் இருந்தன. கட்டியில் பாதியைக் குழியில் வைத்து, மீதியை மெல்ல அழுத்திச் சவ்வாக்கி மேலே மூடி, நைலான் நூலில் தைத்தேன். கேப்ஸ்யூலுக்குப் பதில் மாத்திரை.

ஆறு மாதம் ப்ரோப்பை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. புது இணைப்பைக் குத்திப் பிரித்துவிடக் கூடாது. ஒன்பதாம் மாதம் அளந்தேன். நான்கு மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் குழி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. வேறெதுவும் வைக்காததால் அந்த வெண்மை அவருடைய சொந்த எலும்பாகத்தான் இருக்க முடியும்.

இந்த எக்ஸ்ரே விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. பீங்கான் மணியோ மாட்டுத் தாதுவோ வைத்தால், வைத்த அன்றே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். அதைக் காட்டி "பாருங்க, எலும்பு வளந்துடுச்சி" என்று சொல்வது சரியில்லை. அங்கே தெரிவது பொடி. புது எலும்பும் சிமெண்டமும் நாரும் சேர்ந்து வந்ததா என்று உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்க வேண்டும். அதற்காக நல்ல பல்லைப் பிடுங்கவா முடியும்? ஆகவே நாங்கள் நம்புவது பள்ளத்தின் ஆழம், ரத்தக் கசிவு, ஆட்டம், வருடங்கள் இவற்றைத்தான்.

தோற்றதும் உண்டு. லாரி ஓட்டுநர் ஒருவர், ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தார். குழியைத் திறந்தபோது ஒரே சுவர்தான் இருந்தது. அந்த இடத்திலேயே நான் மூடித் தைத்திருக்க வேண்டும். அவர் கடன் வாங்கிப் பணம் கட்டியிருந்தார், ஏமாற்றக் கூடாது என்ற எண்ணத்தில் பொடியை வைத்தேன். மூன்றாம் வாரம் போன் வந்தது: "டாக்டரம்மா, வாயில ரவ ரவயா வருது." அரை கிராமும் வந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பல்லைக் கொடுக்க முடியவில்லை. புகை, கட்டுப்படாத சர்க்கரை, பல் துலக்காத வாய் மூன்றில் எது இருந்தாலும் இப்போது நான் கத்தியைத் தொடுவதில்லை. முதலில் சுத்தம், மூன்று மாதம் காத்திருப்பு, அப்புறம்தான் மறு பேச்சு. பாதிப் பேருக்கு அந்தச் சுத்தத்திலேயே ஈறு இறுகி, அறுவை தேவைப்படாமல் போய்விடுகிறது.

படிக்கிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். பல் துலக்கும்போது எச்சிலில் ரத்தம் தெரிந்தால் அந்த மாதமே பல் மருத்துவரிடம் போங்கள்; ஆட்டம் கண்டபின் வந்தால் நாங்கள் செய்யக்கூடியது குறைவு. எலும்பு வைக்க வேண்டும் என்று எந்த மருத்துவர் சொன்னாலும், எத்தனை சுவர் இருக்கிறது, இந்தப் பொடி எதிலிருந்து எடுத்தது, தைக்கும் நூல் எது என்று கேளுங்கள். கேட்பதால் எந்த மருத்துவரும் குறைந்துபோகமாட்டார். குப்பியோடு பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டிக்கர் வரும். ஒன்று கேஸ் தாளுக்கு, மற்றொன்று உங்களுக்கு. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.